மலைக்காரிக்கு நேர்ந்த சேவல்

உ

மலையடிவாரம், திருவிதாங்கூர்
11-10-1934, வியாழன்

மதினி அவர்களுக்கு வடிவம்மா எழுதிக்கொள்வது. உங்கள் தம்பி, நான், சேவல் ஆகிய மூவரும் நேற்று மாலை நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மூவரில் களைக்காமல் வந்தது சேவல் மட்டும்தான்.

கூவுவதற்கு அதற்கு விடியல் தேவைப்படவில்லை. கண்டியில் ரயில் ஏறியதிலிருந்து ஸ்டேசன் வந்தால் கூவியது. மாகோவில் கூவியது, அனுராதபுரத்தில் கூவியது, மதவாச்சியில் இரண்டு தரம் கூவியது. கப்பலில் ஒரு துரை காதைப் பொத்திக்கொண்டு வந்து உங்கள் தம்பியிடம் என்னவோ கேட்டார். இதற்கெல்லாம் காரணம் தன் அக்காள் என்று உங்கள் தம்பி கைகாட்டிவிட்டார், நீங்கள் புசல்லாவையில் இருக்கிற தைரியத்தில். தனுஷ்கோடி வருவதற்குள் அவருடைய மேல்துண்டின் ஒரு முனையைச் சேவல் கொத்தித் தின்றுவிட்டது. அதன் காலில் நீங்கள் கட்டிய மஞ்சள் துணியை மட்டும் அவிழாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னது ஒன்றையும் நான் மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் மகன் கறுப்பையாவுக்குக் காய்ச்சல் கண்டு பேச்சு நின்றபோது, பிள்ளையைக் கொடுத்தால் இந்தச் சேவலை உன் மலைக்கே கொண்டுவந்து அறுக்கிறேன் என்று மலைக்காரியிடம் நேர்ந்தீர்கள். பிள்ளை எழுந்துவிட்டான். நேர்த்திக்கடன் நின்றுபோயிற்று. அதைத் தீர்க்காமல் தை மாதம் என் சுந்தரி கழுத்தில் அவன் தாலி கட்டக் கூடாது என்பது உங்கள் கண்டிப்பு. உங்களுக்கு முழங்கால் வலி, ஆகவே பெண்ணைப் பெற்றவள் நான் வந்திருக்கிறேன்.

நாங்கள் தங்கியிருப்பது உங்கள் தாய்வழிச் சொந்தம் ரத்தினம்மா வீட்டில். நல்ல மனுஷி. காது கொஞ்சம் மந்தம், அதனால் சேவலும் அவர்களும் ஒத்துப்போகிறார்கள். நாளை வெள்ளிக்கிழமை. கத்தி தீட்டியாயிற்று. ஒரு வாரத்தில் வத்தேகமையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

இப்படிக்கு,
வடிவம்மா


மலையடிவாரம்
12-10-1934, வெள்ளி

மதினி அவர்களுக்கு,

நேற்று எழுதிய கடிதத்தின் கடைசி வரியை அடித்துவிடுங்கள். ஒரு வாரத்தில் திரும்புவது நடக்காது.

காலையில் குளித்துவிட்டு மலை ஏறினோம். பாதி வழியில் பாறை ஒன்றைப் பார்த்ததும் உங்கள் தம்பி அதில் உட்கார்ந்து, சாமி எங்கும் இருக்கிறது என்றார். அங்கிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். மேலே போனால் ஒரு பெரிய பாறை, இன்னொரு பெரிய பாறையின்மேல் கூரை போலக் கவிழ்ந்து நிற்கிறது. அதற்குக் கீழே குடைந்த இடத்தில்தான் மலைக்காரி இருக்கிறாள். இங்கே பகவதி என்கிறார்கள். முன்னால் கல் தூண் மண்டபம், பக்கத்தில் வற்றாத சுனை. நின்றாலே வியர்வை அடங்கிவிடுகிறது.

வெளியே பாறை முகத்தில் வரிசையாகச் சிலைகள் செதுக்கியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுக்கு மேல் மழுங்கிப்போய் எண்ண முடியவில்லை. எல்லாரும் சம்மணம் போட்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே ஆளுக்கு மூன்று குடை, ஒன்றன்மேல் ஒன்று. புசல்லாவை மழைக்குக்கூட நாம் ஒரு குடைதானே பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். மேனியில் ஒட்டுத்துணி இல்லை. இதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த உங்கள் தம்பி, நீ அந்தப் பக்கம் பார்க்காதே என்று எனக்குச் சொல்லிவிட்டு அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பாறையில் எழுத்தும் வெட்டியிருக்கிறது. கடைச் சாமான் சுற்றி வந்த தாள்களை வாசித்து எழுத்துக் கற்றவள் நான், எதைக் கொடுத்தாலும் வாசிப்பேன் என்று ஒரு பெருமை இருந்தது. இதில் ஓர் எழுத்துக்கூட எனக்குப் பிடிபடவில்லை.

பூசை செய்கிற போற்றி வந்தார். கூடையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்க உயிர் எடுக்கப் பாடில்ல அம்மிணி. இவ சேவல் தின்னுறவ இல்ல" என்றார்.

நேர்த்தி என்றேன். கடல் தாண்டி வந்தது என்றேன். அவர் அந்தச் சிலைகளைக் காட்டினார். பழைய காலத்தில் இது சமணர் இருந்த மலையாம். எறும்பை மிதித்தாலும் பாவம் என்று மயிற்பீலியால் வழியைக் கூட்டிவிட்டு நடந்தவர்களாம். பிறகு அவர்கள் போய்விட்டார்கள், பகவதி மட்டும் இருந்துகொண்டாள். பழக்கமும் கூடவே இருந்துகொண்டது. அவளுக்குப் பாயசம், பழம், பூ. அவ்வளவுதான். அவருடைய தகப்பனார் காலத்திலும் அதற்கு முன்னாலும் இங்கே ஒரு துளி ரத்தம் விழுந்ததில்லையாம்.

மதினி, சமணர் என்றாலே சைவர்களுக்கு ஆகாதவர்கள் என்றுதான் நான் படித்திருந்தேன். நேரில் பார்த்தால் வாய் பேசாத நல்ல மனுஷர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். சேவல் அவர்கள் முன்னால் நின்று மூன்று தரம் கூவியது. ஒருவர் முகமும் சுளிக்கவில்லை.

கூடையோடு இறங்கி வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். என்ன செய்யட்டும்? உங்கள் பதில் வரும்வரை இங்கேயே இருக்கிறோம். தை மாதத்தை மனதில் வைத்து, கடைக்கார முனாப் நானாவிடம் பதில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வடிவம்மா


புசல்லாவை
21-10-1934, ஞாயிறு

புசல்லாவைக் கடைவீதி முனாப் எழுதுவது. சுப்பம்மா அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு சொல்லையும் திருத்தக் கூடாது என்பது அவர்களின் கட்டளை. அடைப்புக்குள் வருவது மட்டும் என் பேச்சு.

வடிவு, ஒன் கடுதாசி ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு. முனாப் நானா ரெண்டாவத மொதல்ல வாசிச்சிட்டாரு. அதனால எனக்கு மொதல்ல கோவம் வந்து, அப்புறம் சேவல் கப்பல்ல கூவினதக் கேட்டு சிரிப்பு வந்து, திரும்பவும் கோவம் வந்துச்சு. அந்தக் கோவம் இன்னும் போகல.

வேணாம்னு சொல்றதுக்கு அந்தப் போத்தி யாரு? எங்கப்பா அந்த மலையிலேருந்துதான் பிடிமண் எடுத்து மடியில கட்டிக்கிட்டு வந்தாரு. அத வச்சுத்தான் நம்ம தேயிலத் தோட்டத்துல மலைக்காரிக்குக் கோயில் கட்டுனாங்க. நாப்பது வருஷமா ஆடி மாசம் சேவல் குடுக்குறோம். ஒரு வருஷமாச்சும் வேணாம்னு சொன்னாளா? நீ எழுதுறதப் பாத்தா, நாங்க நாப்பது வருஷமா அவளுக்குப் புடிக்காத சோத்தப் போட்டுக்கிட்டு இருக்கோம்னுல்ல ஆவுது.

(இந்த இடத்தில் அக்கா எழுந்து கடை வாசலுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.)

அது கெடக்கட்டும். ஒனக்கு ஒண்ணு தெரியாது. சேவல நேர்ந்த அன்னிக்கே, அத அறுக்குற வரைக்கும் கோழிக்கறி தொட மாட்டேன்னு நாக்கக் கட்டிக்கிட்டேன். ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சு. ரெண்டு தீவாளி போச்சு. பக்கத்து வீட்டுல கோழி வறுத்தா நான் எங்க வீட்டுக் கதவச் சாத்திக்கிட்டு தேவாரம் சொல்றேன். என் வீட்டுக்காரரு கங்காணி, நாலு வீட்டு விருந்துக்குப் போறவரு. திரும்பி வரையில அவரு மீசை மணக்கும். நான் என்ன கல்லா?

(கடைக்கு வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா அவர்களை வெளியே போகச் சொன்னார்கள். கடை என்னுடையது.)

மலைக்கு மேல ஆவாதுன்னா அடிவாரத்துல அறுத்துப்போடு, வாடை மேல ஏறட்டும்னுதான் சொல்ல வந்தேன். அப்புறம் யோசிச்சேன். போத்தி சொல்றதயும் கேக்க வேணாம், நான் சொல்றதயும் கேக்க வேணாம். அவளையே கேளு. பூக்கட்டிப் பாரு. ஒரு பொட்டலத்துல செவப்புப் பூ, ஒரு பொட்டலத்துல வெள்ளப் பூ. அவ முன்னால போட்டு, ஒண்ணும் தெரியாத ஆள் ஒண்ண எடுக்கட்டும். செவப்பு வந்தா அறுக்கணும். எப்பிடியாச்சும் அறுத்தே ஆவணும். வெள்ள வந்தா சேவல உசுரோட மலையில விட்டுட்டு வா, நேர்த்தி தீந்துச்சுன்னு நான் ஒத்துக்கிறேன். ரெண்டும் இல்லாம சும்மா வந்தா தையும் இல்ல, தாலியும் இல்ல. என் தம்பி மகன்னு பாக்க மாட்டேன்.

(மகள் என்று இருக்க வேண்டும். கோபத்தில் அப்படி வந்துவிட்டது. திருத்தக் கூடாது என்றதால் திருத்தவில்லை.)

சுப்பம்மா


மலையடிவாரம்
2-11-1934, வெள்ளி

மதினி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்பு வந்தால் மலையில் அறுக்கப் போற்றி விடமாட்டார், அடிவாரத்தில் அறுத்தால் நேர்ந்தபடி ஆகாது. அறுக்காவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். வத்தேகமையில் என் தங்கை வீட்டில் இருக்கிற சுந்தரியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதில் தன்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சேவல் எப்படி இருக்கிறது என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாள். எதற்காகக் கேட்கிறாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

சேவலுக்கோ கவலையே இல்லை. ரத்தினம்மா வீட்டுப் பெட்டைகள் ஐந்தும் அதன் பின்னால்தான் திரிகின்றன. பக்கத்து வீட்டுச் சேவல் சண்டைக்கு வந்து, இப்போது அந்த வீட்டுக் கூரையை விட்டு இறங்குவதில்லை.

இன்று காலை மலைக்குக் கொண்டுபோனவற்றை என் வழக்கப்படி எழுதிவைத்திருக்கிறேன்: தேங்காய் ஒன்று. வாழைப்பழம் ஆறு. வெற்றிலை, பாக்கு. சூடம் ஒரு கட்டி. நல்லெண்ணெய் கால் போத்தல். திரி மூன்று. வெள்ளை அரளி இரண்டு. வாழையிலைத் துண்டு இரண்டு. நூல் ஒரு சுற்று. சேவல் ஒன்று. உங்கள் தம்பி ஒருவர்.

சுனையில் கை கால் கழுவி, இலையில் பூவை வைத்து மடித்து, நூல் சுற்றினேன். பொட்டலம் இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தன. பகவதி முன்னால் போட்டேன். அந்த நேரம் புல்லுக்கட்டோடு ஒரு பெண் சுனையில் தண்ணீர் குடிக்க வந்தாள். எதற்கு என்று சொல்லாமல், ஒன்றை எடுத்துத் தா அம்மா என்றேன். யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். போற்றி பார்க்க, உங்கள் தம்பி பார்க்க, பிரித்தேன். வெள்ளை.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷம் மட்டும் அல்ல. நேரில் வந்து சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைப் பகவதியிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லத்தான் தைரியம் போதவில்லை.

மஞ்சள் துணியை அவிழ்த்து அவள் காலடியில் வைத்துவிட்டு, சேவலை விட்டேன். ஒரே பாய்ச்சலில் பாறையில் ஏறி, வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கிறவரின் குடைமேல் நின்று கூவியது. அவர் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. போற்றி மட்டும், தினமும் இப்படித்தானா என்று கேட்டார். ஸ்டேசன் வந்தால்தான் என்று உங்கள் தம்பி சொல்லிவைத்தார்.

இன்னொன்று, மதினி. உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டதாக முனாப் நானா எழுதிய இடத்தை நான் பலமுறை வாசித்தேன். ஆகவே போற்றியிடம் கேட்டேன். இங்கிருந்து பிடிமண் கொண்டுபோய் வைத்த இடத்தில் நாற்பது வருஷமாகச் சேவல் கொடுக்கிறோமே, அது குற்றமா என்று. அவர் கொஞ்சம் யோசித்து, அந்த ஊர் எப்படி என்று கேட்டார். மலை நாடு, மழை, குளிர், விடியுமுன் வேலைக்குப் போகிற சனங்கள் என்றேன்.

"இங்க இருந்து போன நிங்கள் அங்க போயி தேயிலைத் தண்ணி குடிக்கப் படிச்சீங்க, கம்பளி போர்த்தப் படிச்சீங்க. அவ மட்டும் பாயசம் குடிச்சிட்டுக் குளிர்ல இருக்கணுமா?" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

இப்படிக்கு,
வடிவம்மா


புசல்லாவை
11-11-1934, ஞாயிறு

முனாப் எழுதுவது. கட்டளை முன்போலவே.

வடிவு, போத்தி சொன்னத முனாப் நானா வாசிச்சப்ப நான் முந்தானைய வாயில வச்சுக்கிட்டேன். எங்கப்பா மடியில கட்டிக்கிட்டு வந்தவள நாங்க பட்டினியும் போடல, பகைச்சுக்கவும் இல்லேன்னு தெரிஞ்சுது. அந்தப் போத்திக்கு ஒரு கம்பளி வாங்கிக் குடுத்திருக்கலாம்ல.

(அங்கே வெயில் என்று சொன்னேன். கேட்கவில்லை.)

அப்புறம் நீ மலைக்குக் கொண்டுபோன சாமான திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசிச்சாரு. இன்னொரு தரம்னேன். வாசிச்சாரு. பாதியில நிறுத்திட்டு மேல பாத்தாரு.

(இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பட்டியலில் இல்லாத சாமான்தான் என் கண்ணில் முதலில் படும். வாய் திறக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார்கள்.)

நான் ஒண்ணும் சொல்லல. வெள்ள வந்துச்சுன்னு நீ எழுதின, வெள்ளதான் வந்துச்சு. நேர்த்தி தீந்துச்சு. ஆனா மலையில இருக்கிறவ ஒரு வார்த்த சொன்னா, தோட்டத்துல இருக்கிறவளயும் ஒரு வார்த்த கேக்கணுமா இல்லியா? குளிர்ல இருக்கிறவ இவதானே. அதனால வெள்ளிக்கெழம இங்கயும் பூக்கட்டிப் பாத்தேன். செவப்பு வந்துச்சு.

எத்தன செவப்பு வச்சேன்னு நீ கேக்காத. எத்தன வெள்ள வச்சேன்னு நானும் கேக்கல.

(இரண்டு. செம்பரத்தை. என் கடைக்குப் பின்னால் உள்ள மரத்தில்தான் பறித்தார்கள்.)

ஒன் சேவலோட கூடப்பொறந்ததுதான், கறுப்பு வால். கோயில் வாசல்லயே அறுத்தோம். கறுப்பையா புடிச்சுக்கிட்டான். அந்த எடத்துலயே மூணு கல்லு வச்சுக் கொழம்பு கூட்டினேன். மொளகு கொஞ்சம் தூக்கலா. ரெண்டு வருஷம் அஞ்சு மாசத்துக்கு அப்புறம் ஒரு வாய் வச்சேன், வடிவு. கண்ணுல தண்ணி. மொளகுன்னு எல்லாருக்கும் சொன்னேன். நெஞ்செலும்பு மட்டும் என் வீட்டுக்காரருக்கு வச்சுட்டு மீதிய நானே பாத்துக்கிட்டேன்.

(சாமிக்கு அறுத்தது எனக்கு ஆகாது என்பதால் சர்க்கரைப் பொங்கல் தனியாக வந்தது. நெய் குறைவில்லை.)

தை பதினாலு நல்ல நாளுன்னு பாத்திருக்கு. கறுப்பையா சட்டை தைக்கக் குடுத்துட்டான், நான் சொல்றதுக்கு முன்னாலயே. ஒன் மகள என் வீட்டுல எப்பிடி வச்சுக்குவேனோன்னு நீ கவலப்பட்டிருப்ப. தாய் இம்புட்டுச் சாமர்த்தியக்காரின்னா மகள் எப்பிடி இருப்பாளோன்னு இப்ப நான்தான் கவலப்படுறேன். சீக்கிரம் வந்து சேரு.

ஒன் சம்பந்தி
சுப்பம்மா


மலையடிவாரம்
18-11-1934, ஞாயிறு

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதத்தின் அடியில் சம்பந்தி என்ற அந்த ஒரு சொல்லை முதலில் பார்த்துவிட்டு மீதியை வாசிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. சிவப்பு அரளியும் ரத்தினம்மா வீட்டு வாசலில் பூத்துத்தான் கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றேன், பறிக்கவில்லை. சிவப்பு வந்தால் என் பெண்ணின் கல்யாணம் போய்விடும். அந்தப் பயத்தில் கை வெள்ளைக்கே போயிற்று, இரண்டு தரமும். மறைத்துவிட்டேன். ஆனால் கொண்டுபோனதை எழுதும்போது பொய் எழுத எனக்கு வரவில்லை. எழுதி உங்கள் கைக்கே அனுப்பிவிட்டேன். பகவதியிடம் சொன்னது இதைத்தான். அவள் கோபிக்கவில்லை என்று நினைக்கிறேன். அன்று மாலை சேவலுக்குப் போற்றியே தன் கையால் அரிசி போட்டார்.

நேற்று கடைசியாக ஒரு தரம் மலை ஏறிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். இந்த முறை உங்கள் தம்பி பாதியில் உட்காரவில்லை. சேவலைப் பார்க்க வேண்டும் என்றார். அது இவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேல்துண்டை மட்டும் பார்த்தது. நாளை புறப்படுகிறோம். மண்டபம் முகாமில் டாக்டர் சோதித்து அனுப்பியதும் கப்பல் ஏறுவோம்.

திரும்பி வரும் வழி முழுக்கக் கூட்டிப் பார்த்தேன். அங்கே வெள்ளை இரண்டு, இங்கே சிவப்பு இரண்டு. இரண்டு கோயிலையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நிறமும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மலைக்காரிக்கு நாம் வஞ்சகம் செய்யவில்லை, மதினி.

ஆனாலும் ஒன்று. கல்யாணத்துக்குப் பூ வாங்குகிற வேலையை நீங்களும் எடுக்க வேண்டாம், நானும் எடுக்கவில்லை. அதை முனாப் நானாவிடம் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வடிவம்மா